பத்துக்குப் பன்னிரண்டு

மாத்திரைக் கம்பெனி கொடுத்த டைரியில்
மார்ச் மாதத்துக்கு எதிர்ப்பக்கம் அது இருந்தது.
நாற்காலி முதுகில் ஒரு கோட்டு. ஆள் இல்லை.
பொத்தான்கள் திறந்திருக்க
கோட்டுக்கு உள்ளே மட்டும் மழை.

வெட்டி எடுத்து
இருட்டறைக் கதவில் ஒட்டினேன்.
கோத்தகிரி ஆஸ்பத்திரியில் அப்போது
ஃபிலிமைக் கழுவித்தான் காயப்போடுவோம்.
பதினோரு வருடம்.
ஹைப்போ வாசனையில் மழை மஞ்சளானது,
ஒரு மூலையைக் கரப்பான் தின்றது,
பிறகு கம்ப்யூட்டர் வந்து
இருட்டறையில் துடைப்பங்களை வைத்தார்கள்.
மழை துடைப்பங்களோடு இருந்தது.

குன்னூரில் மூடிக் கிடந்த தேயிலை ஆலையை
அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்,
கடல் தாண்டி வந்த ஓவியங்கள், மூன்றே வாரம்.
பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் விரித்த செய்தித்தாளில்
கோட்டின் ஒரு கை மட்டும் தெரிந்தது.
எனக்கு அது போதும்.
எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்கிற வேலை என்னுடையது.

ஞாயிறு. டிக்கெட் நூற்றைம்பது.
இலை வாட்டும் தொட்டிகள் இருந்த மாடியில்
பலகைகளுக்குள் இன்னும் பச்சை வாசம்.
படிக்கட்டு முளைத்த மீனை,
காது வடிவத் தீவை,
தன் நிழலைத் துவைத்துக் கொடியில் போடும் பெண்ணை
விறுவிறுவெனக் கடந்தேன்,
வார்டில் மற்றவர் கட்டில்களைக் கடப்பதுபோல.

கடைசிச் சுவரில் இருந்தது.
இவ்வளவு சின்னதா?
கதவளவு என்று நினைத்திருந்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம்,
நெஞ்சுக்கு நாங்கள் போட்ட ஃபிலிம் அளவு,
ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

டைரியில் மழை நீலம்.
இங்கே நீலமே இல்லை.
கேத்தியில் கேரட் கழுவிய தண்ணீர்போல் கலங்கல்.
பக்கவாட்டில் நின்றால்
ஒவ்வொரு துளியும் மேடு,
கண்ணில்லாதவரும் எண்ணிவிடலாம்.
மூன்றாவது பொத்தானில்
தூரிகையின் ஒரு மயிர் ஒட்டியிருந்தது.
எடுக்கப் பொறுமையில்லாமல் விட்டிருக்கிறாள்,
அல்லது பார்க்கவேயில்லை,
அல்லது விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.
கனவில் கண்டதை அப்படியே வரைந்தவளாம்,
அட்டையில் எழுதியிருந்தது.
கனவில் மயிர் ஒட்டாது.
அது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை,
கழுத்து வலியோடு குனிந்திருந்தவளுடையது.

என் படங்களிலும் இப்படி வரும்.
கழற்ற மறந்த ஊக்கு, தாயத்து,
ஜாக்கெட்டுக்குள் செருகிய பத்து ரூபாய் நாணயம்.
சிலம்பாயி நெஞ்சில் ஒருமுறை வீட்டுச் சாவி.
டாக்டர் திட்டினார், திரும்ப எடுக்கச் சொன்னார்.
நான் அந்தச் சாவியை வெளிச்சப் பெட்டியில் வைத்து
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழக்கத்தில் வாய் முணுமுணுத்தது:
மூச்சை நல்லா இழுங்க. அடக்குங்க.
கோட்டு அடக்கியது.
இடது பக்கம் மழை அதிகம்,
கீழே தேங்கி நிற்கிறது.
தோட்டத்து ஆட்களுக்கு
ஆடி முடிந்து வருவதும் இப்படித்தான்.

"அம்மா, கோட்டைத் தாண்டாதீங்க."
எந்தக் கோட்டை என்று திகைத்துப்போனேன்.
தரையில், என் செருப்புக்கு அடியில், மஞ்சள் கோடு.
காவலர். சட்டையில் பெள்ளி என்று பெயர்.
"அரை மணியா இதையே பாக்குறீங்க,
அப்படி என்ன தெரியுது?"

"இடது நெஞ்சுல நீர் கோத்திருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
கிட்டே வந்து
தானும் கோட்டைத் தாண்டிப் பார்த்தார்.
"எங்க வீட்லயும் ராத்திரியெல்லாம் இருமல்.
அரவேணுல இருக்கோம்."

"நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க.
வெறும் வயிற்றோட."

எக்ஸ்ரேக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

படியிறங்கி, பஸ் ஏறி,
டிக்கெட் எடுத்து, மீதிச் சில்லறை வாங்கி,
வண்டிச்சோலை வளைவில்
எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தபோதுதான்
நினைவு வந்தது.
அடக்குங்க என்றேன்.
விடலாம் என்று சொல்லவில்லை.